ஒரு விரல் தூரம்

அத்தை கண்ணாடி அறுக்கிறவள். ஜன்னலுக்கோ அலமாரிக் கதவுக்கோ முகம் பார்க்கவோ, அளவு சொன்னால் அறுத்துக் கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக ஒரே கடை, ஒரே மேசை. மேசை மேல் கம்பளி விரித்திருக்கும். அதில் கண்ணாடித் தூள் ஏறி ஏறி, வெளிச்சம் பட்டால் உப்புப் பூத்த மாதிரி மினுங்கும். அளவுகோலை வைத்து, அதை ஒட்டி அறுப்பானை ஒரே இழுப்பாக இழுப்பாள். இரண்டாம் தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். கீறலுக்கு அடியில் விரலால் ஒரு தட்டு. 'டிக்' என்று இரண்டாகும்.

ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, முதுகுப் பையோடு நேரே அந்தக் கடைக்குத்தான் போனேன். கடை முதலாளி ஒரு மரச்சட்டத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கண்ணாடி கடகடவென்றது.

"அக்கா, மறுபடி ஒரு நூல் குறையுது."

"ஓரத்துல பசை வச்சு அடைச்சுக்கங்க."

"எத்தனை ஜன்னலுக்குத்தான் அடைக்கிறது? காத்தடிச்சா வீடே குளிர்ல பல்லு தந்தியடிக்கிற மாதிரி சத்தம் வருதுன்னு போன் பண்றாங்க. உங்க கைக்கு என்னக்கா ஆச்சு?" என்றவர் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு அங்குலத்தில் எட்டு நூல். அந்த எட்டில் ஒன்றுதான் குறைந்தது. அளவுகோலைச் சரியாகத்தான் வைக்கிறாள். வைத்த பிறகு, தனக்கே தெரியாமல், துளி உள்ளே தள்ளிவிடுகிறாள். ஐந்து வருடமாக அவள் அறுத்த எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான். அதற்கு முன்னால் அப்படி இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள். 'வாலு' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளுக்கு வேறு பெயர் இருந்தது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அது கராத்தே வீடு. அத்தை கல்யாணத்துக்கு முன்பே கற்றவள். கல்யாணம் ஆன கையோடு மாமாவையும் இழுத்துவிட்டாள். மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே வாழ்ந்தவர். சினிமா பார்க்கும்போதுகூட அவர் வலது கால் தரையை அழுத்தும். வாலு நேராக நடக்கப் பழகும் முன்பே வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டாள். விடுமுறைக்கு வரும் என்னையும் விடவில்லை.

வருடா வருடம் உள்விளையாட்டரங்கில் நடக்கும் போட்டியில் குடும்பப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தில் மூன்று பேர். முதலில் மூவரும் ஒரே ஆள் போல ஒரு கட்டாவைச் செய்து காட்ட வேண்டும். கட்டா என்றால் வரிசை மாறாத அடிகளும் தடுப்புகளும். பிறகு அந்த அடிகளின் பொருளைக் காட்ட வேண்டும்: இரண்டு பேர் தாக்குவார்கள், ஒருவர் தடுத்து வீழ்த்துவார். எங்கள் வீட்டில் வீழ்த்துவது எப்போதும் அத்தைதான். மாமா முதலில் பாய்ந்து, தூக்கி எறியப்பட்டு, குப்புற விழுந்து செத்துப்போவார். அடுத்து மகள் குத்துவாள். அதைத் தட்டிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தலோடு, முழு வேகத்தில் அத்தையின் கை அவள் நெற்றிப்பொட்டுக்குப் போகும். தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்க வேண்டும். பட்டால் வெளியேற்றம். ஒரு சாண் தள்ளி நின்றால் மதிப்பெண் போச்சு. மூன்று வருடம் தொடர்ந்து அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

நான்காவது வருடப் போட்டிக்காக வீட்டுக் கூடத்தில் பழகும்போது கை பட்டுவிட்டது. மாமா குப்புறக் கிடந்ததால் சத்தம் மட்டும் கேட்டார். நிமிர்ந்து பார்த்தபோது வாலு நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "அம்மா, உனக்கு வயசாயிடுச்சு. பிரேக் புடிக்கல." தண்ணீர் குடித்தாள். இரண்டு நாள் கல்லூரிக்குப் போனாள். மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள்.

தலைக்குள் ஒரு நரம்பு பிறவியிலேயே மெலிந்திருந்தது என்றார் டாக்டர். எப்போது வேண்டுமானாலும் வெடித்திருக்கலாம். அடிதான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மாமா முதல் பாதியை வைத்துக்கொண்டார். அத்தை இரண்டாம் பாதியை.

எனக்குச் செய்தி வந்தபோது ஒரு துறைமுக ஊரில் ஓட்டல் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வர முடியாமல் இல்லை. வரவில்லை.

அன்று கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அத்தை கேட்டாள். "எவ்வளவு நாள் இருப்பே?"

"தெரியல அத்தை."

"ரெண்டு மாசம் இருப்பியா? போட்டி வருது. மூணாவது ஆள் வேணும்."

நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. அவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றாள், நான் பக்கத்தில் வந்ததும். "அன்னிக்கு என் கை நீண்டுச்சா, இல்ல அவ முன்னாடி வந்தாளா? ரெண்டுல ஒண்ணு. நான் பாக்கல. அவ முகத்ததான் பாத்துக்கிட்டிருந்தேன். உங்க மாமா, 'உன் கை தப்பாது, அவதான் முன்னாடி வந்திருப்பா'ங்கிறாரு. தெனமும் சொல்றாரு. சொன்னா ஆச்சா? வீட்ல மெதுவா பண்ணிப் பாத்தா தெரியாது. அங்க, அத்தனை பேர் முன்னாடி, முழு வேகத்துல போகணும். கை சரியா நின்னா அன்னிக்கும் நின்னிருக்கும். நீண்டா..." சாலையைக் கடக்க என் கையைப் பிடித்தாள், சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.

கூடத்துச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அவளே அறுத்தது, பழைய அளவில், ஒரு நூலும் குறையாமல். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு அதன் முன்னால் மூன்று பேரும் நிற்போம். எனக்கு வாலுவின் உடுப்பைக் கொடுத்தாள். ஐந்து வருடமாக வாராவாரம் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறாள். போட்டுத் தேய்ந்த துணி இல்லை அது, துவைத்தே தேய்ந்திருந்தது. கழுத்துப் பட்டி காகிதம் மாதிரி மெலிந்துவிட்டது. எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அது எங்கள் மூவருக்குமே பிடிக்கவில்லை.

தப்பு செய்தால் அத்தை என்னைப் பார்த்துத் திருத்த மாட்டாள். கண்ணாடியில் இருப்பவளைப் பார்த்துத்தான் சொல்வாள். "வாலு, முட்டி." முதல் முறை மாமா அப்படியே உறைந்து நின்றார். அத்தைக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. நான் முட்டியை மடக்கினேன். அடுத்த வாரமெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டால் முட்டி தானாகவே மடங்கியது. சில சமயம் கண்ணாடியைப் பார்த்தால் நடுவில் நிற்பவளை எனக்கே அடையாளம் தெரியாது. தலைமுடியை அவள் எப்போது இப்படி உச்சியில் முடிந்துகொண்டாள் என்று யோசிப்பேன். நான்தான் முடிந்திருப்பேன்.

கட்டா ஒட்டிக்கொண்டது. அத்தையின் கடைசிக் குத்துதான் வரவில்லை. கத்தல் வரும், தோள் வரும், கை மட்டும் என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடும்.

"அத்தை, இந்த இடைவெளில பஸ் போகும்."

"போகட்டும். நீ ஏறிக்க."

"நடுவர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டி. அவங்க வீட்லயும் சிரிப்புக்குப் பஞ்சமா இருக்கும்."

தரையிலிருந்து மாமாவின் குரல் வரும். "நான் செத்து எவ்வளவு நேரம் ஆச்சு? எந்திரிக்கலாமா?"

சிரித்துக்கொள்வோம். பிறகு மறுபடி நிற்போம். நாளுக்கு நாள் ஒரு முழம் ஒரு சாணாகி, சாண் நான்கு விரலானது. அதற்குள் வரவில்லை. பழகி முடித்ததும் அத்தை வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைக் காவல் காக்கிற மாதிரி.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தபோது மாமா பயிற்சிக் காரில் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். சிக்னலில் நின்றதும், "மருமகளே, ஒரு உதவி," என்றார்.

"சொல்லுங்க மாமா."

"போட்டி அன்னிக்கு அவ கை நீண்டு வந்தா, நீ கொஞ்சம் பின்னாடி சாஞ்சிக்க. ஒரு அங்குலம் போதும். யாருக்கும் தெரியாது."

"அத்தைக்குத் தெரியும்."

"அந்த நேரத்துல அவ ஒண்ணும் பாக்க மாட்டா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அத்தை கை தப்பாதுன்னு நீங்கதானே மாமா சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். மாமா வண்டியை எடுக்கவில்லை.

"நான் சத்தம் கேட்டேன்மா," என்றார். "குப்புறக் கிடந்தாலும் காது இருக்கே. வாலு கால் அசைஞ்ச சத்தமே வரல." பிறகு வண்டியை எடுத்தார். "சாஞ்சிக்க. என்ன?"

சரி என்றேன்.

அரங்கில் ரப்பர் பாய் வாசனையும் தைல வாசனையும் அடித்தது. குடும்பப் பிரிவில் ஒன்பது குடும்பம். எப்போதும் இரண்டாவதாக வரும் பல் டாக்டர் குடும்பமும் வந்திருந்தது. அவர், மனைவி, உயரமான மகள். அவர் கத்தியபோது அத்தை என் காதில், "யாரோ பல்லு புடுங்குறாங்க போல," என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

அந்த டாக்டரின் மனைவி எங்களைக் கடந்து போகும்போது என்னைப் பார்த்துவிட்டு ஓர் எட்டுப் பின்வாங்கினாள். பிறகு சமாளித்துச் சிரித்தாள். "மன்னிச்சுக்க. ஒரு நிமிஷம்..."

"எங்களுக்கும் அப்படித்தான்," என்றாள் அத்தை.

எங்கள் முறை வந்தது. கட்டா முடிந்தபோது கைதட்டல் கேட்டது. மூன்று பேரின் மூச்சும் ஒன்றாக இருந்தது. பிறகு திரும்பி நின்றோம். மாமா பாய்ந்தார், பறந்தார், விழுந்தார். நான் இரண்டடி வைத்துக் குத்தினேன். அத்தை அதைத் தட்டிவிட்டாள்.

இப்போது என் எடை முழுக்க முன்காலில். பின்னால் சாய வேண்டுமென்றால் முன்காலைத் தரையில் அழுத்தி உந்த வேண்டும். அவள் இடுப்பு திரும்புவது தெரிந்தது. அந்தக் கத்தல் வந்தது. இரண்டு மாதம் கேட்ட கத்தல் அல்ல. அதற்கு முன்னால் நான் கேட்டிருந்த, பழைய கத்தல். கை அரைவழியில் தயங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. நான் காலை அழுத்தினேன். பாய் வியர்வையில் நனைந்திருந்தது. கால் முன்னால் வழுக்கியது. பின்னால் போக வேண்டிய நான் அப்படியே முன்னால் சரிந்து அவள் கைக்குள் போனேன்.

நெற்றிப்பொட்டில் படவில்லை. நான் இறங்கியதால் வாயில் பட்டது. உதடு கிழிந்து நாக்கில் உப்புக் கரித்தது.

நடுவர் கையைத் தூக்கிவிட்டார். அரங்கம் 'ஐயோ' என்றது. மாமா எழுந்து ஓடி வந்து என் முகத்தைப் பிடித்தார். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாய் சேரும் கோட்டுக்கு அந்தப்புறம், அவள் பக்கமாக, முழுப் பாதம் தாண்டிக் கிடந்தது என் கால். அவள் வலது கை இன்னும் காற்றில் இருந்தது. குத்தி முடித்த இடத்திலேயே, ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

பெண்கள் கழிப்பறையில் துண்டை நனைத்து என் உதட்டில் வைத்தாள்.

"வாயத் தொற. பல்லு ஆடுதா?"

"இல்ல."

"ஆடுனா சொல்லு, வெளியிலயே ஆள் இருக்காரு."

சிரித்தால் எரிந்தது. அவள் துண்டைப் பிழிந்தாள். குழாய் நீர் இளஞ்சிவப்பாக ஓடி, பிறகு நிறம் இழந்தது.

"என் கை நின்ன எடத்தப் பாத்தேன்," என்றாள். "சரியாத்தான் நின்னுச்சு. நீதான் உள்ள வந்தே."

"ஆமா அத்தை."

"அப்ப அவளும் வந்திருக்கா."

"வந்திருப்பா."

அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன். ஐந்து வருடமாகத் தூக்கி வைத்திருந்த தோள். ஒரு நிமிடம் இருக்குமா? அவ்வளவு நேரம்தான் இறங்கியிருந்தது.

"எதுக்கு வந்தே?"

"வரல அத்தை. பின்னாடி போகத்தான் பாத்தேன். கால அழுத்துனேன், வழுக்கிடுச்சு."

துண்டு நின்றது.

"பின்னாடி போகப் பாத்தியா? பயந்துட்டியா?"

அவள் குழாயைப் பார்த்துப் பேசினாள். "எட்டு வயசுலேர்ந்து என் கை முன்னாடி நின்னவ. கண்ணு கூடச் சிமிட்ட மாட்டா. நான் எங்க நிறுத்துவேன்னு என்னவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். அன்னிக்கு மட்டும் என் கையப் பாத்துப் பயந்தாளா? பயந்துதான் பின்னாடி போகப் பாத்தாளா? என்னப் பாத்தா? அம்மா கையப் பாத்தா?"

ஆம் என்று தலையாட்டியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலும் போதும். மாமா சொன்னது என்னோடு போயிருக்கும். ஆனால் அந்தக் குழாய்க்கு முன்னால், கண்ணாடியில்லாத அந்தச் சுவருக்கு முன்னால், வாலு தன் அம்மாவைப் பார்த்துப் பயந்து பின்வாங்குவதை அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். இனி தினமும் பார்ப்பாள். அந்தப் பெண்ணின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நான் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை.

"நான் பயப்படல அத்தை. மாமா சாயச் சொன்னாரு."

"என்னன்னு சொன்னாரு?"

"கை நீண்டு வந்தா, ஒரு அங்குலம் பின்னாடி சாஞ்சிக்கன்னு."

"'நீண்டு வந்தா'ன்னா சொன்னாரு? எப்ப?"

"போன வாரம். கார்ல."

அவள் துண்டை இரண்டாக மடித்தாள். பிறகு நான்காக. ஓரத்தோடு ஓரம் சேருகிறதா என்று பார்த்து, சேராததால் பிரித்து மறுபடி மடித்தாள். வெளியே ஒலிபெருக்கி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டது.

"ஒருவேளை உங்கமேல அக்கறையில..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா. அக்கறைதான்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுதுன்னு அவர்கிட்ட சொல்லாதே."

திரும்பும்போது மாமா ஓட்டினார். அத்தை பக்கத்தில். நான் பின்னால், உதட்டில் துண்டோடு. மாமா இத்தனை உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. தோற்றது அவருக்கு நினைவிலேயே இல்லை.

"பாத்தியா இல்லியா? நடுவரே சொன்னாரு, 'கை சரியா இருந்துச்சு, பொண்ணுதான் உள்ள வந்துடுச்சு'ன்னு. அவர் வாயால சொன்னாரு."

"ம்," என்றாள் அத்தை.

"மருமகளுக்குத்தான் பாவம், உதடு கிழிஞ்சுடுச்சு. ஆனா விஷயம் தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்கல."

"அஞ்சு வருஷமா தொண்ட கிழியச் சொல்றேன். உன் கை தப்பாதுன்னு. நம்புனாத்தானே? அப்பவே சொன்னேனா இல்லியா?"

அத்தை அவர் பக்கம் திரும்பி, அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். ஒரு அடி தூரம்கூட இருக்காது.

"சொன்னீங்க," என்றாள். "அப்பவே சொன்னீங்க."

மாமா சிரித்தார். வீடு வரும்வரை அதையே வேறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் 'ம்' கொட்டினாள்.